ஒன்பது மைல் ரயில்வேயின் பெட்டிகள்

ஒஹையோவில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் நான் கையில் வாங்கிப் பார்த்த பாக்ஸ்கார் ஏறத்தாழ ஏழு அங்குலம். ஐம்பது அடி நீளமுள்ள அசல் சரக்குப் பெட்டியை 87-இல் ஒரு பங்காகக் குறுக்கினால் அவ்வளவுதான் வரும், எச்.ஓ. ஸ்கேல் என்பார்கள். பக்கவாட்டில் ‘பிக்கென்ஸ்’ என்று எழுதியிருந்தது. தென் கரோலினாவில் பிக்கென்ஸிலிருந்து ஈஸ்லி வரை ஓடிய குட்டி ரயில்வே அது. மொத்தப் பாதையே சுமார் 9 மைல். அதன் பெட்டிக்கு ஒஹையோவில் என்ன வேலை என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் வேகன் பழுதுபார்க்கும் ஷாப்பில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாம் வாடகையால் வந்தது” என்றார்.

அமெரிக்காவில் ஒரு ரயில்வேயின் பெட்டி இன்னொன்றின் தண்டவாளத்தில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை தர வேண்டியிருந்தது. அது நெடுங்காலம் அடிமாட்டு விலையில் இருந்தது. புதிதாகப் பெட்டி வாங்குவதைவிட அடுத்தவன் பெட்டியைப் பிடித்துவைத்துக்கொள்வது லாபம். விளைவு, அறுவடை நேரத்தில் தானியம் ஏற்றப் பெட்டி கிடைக்காது. 1970-இல் மாநிலங்களிடை வணிக ஆணையம் பாக்ஸ்காருக்கு ஊக்க வாடகை என்று கூடுதல் தொகை விதித்தது. பெட்டி வைத்திருப்பவருக்கு நாலு காசு கிடைத்தால் புதிதாகக் கட்டுவார்கள் என்பது கணக்கு.

கட்டினார்கள். ஆனால் பெரிய ரயில்வேக்களை முந்திக்கொண்டு குத்தகைக் கம்பெனிகள் வந்துவிட்டன: ஐடெல், எஸ்.எஸ்.ஐ., நேஷனல் ரயில்வே யூடிலைசேஷன். வரிச் சலுகையும் இருந்ததால் வெளியார் பணம் கொட்டியது. வாடகை வாங்க ஒரு ரயில்வேயின் பெயர் வேண்டும். அதற்குத்தான் பிக்கென்ஸ், விஸ்கான்சினின் மரினெட் டோமஹாக் அண்ட் வெஸ்டர்ன், கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ரிவர், வெர்மான்ட் ரயில்வே. பினாமி என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. சட்டப்படி எல்லாம் சுத்தம் என்பதால் விழுங்கிக்கொண்டேன். செங்காவிப் பெட்டிகள் மலிந்த யார்டுகளில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் ஆரஞ்சும் புகுந்தன. 1974-இல் ரயில்வேக்கள் கூட்டாகத் தொடங்கிய ரெயில்பாக்ஸின் மஞ்சள் பெட்டிகளும் சேர்ந்துகொள்ள, அந்தப் பத்தாண்டு மாடல்காரர்களுக்குத் திருவிழா.

மேசையில் அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது பெயர் அழிக்கும் வேலை. 1980-களின் தொடக்கத்தில் வணிகம் படுத்தது. ஐடெல் 1981-இல் திவால் மனு போட்டது. லோடு இல்லாத பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. தன் பெயரிலுள்ள பெட்டிகளையெல்லாம் நிறுத்தத் தன் பாதையே போதாத ரயில்வேக்களும் உண்டு. பிறகு அவை கைமாறின. வாங்கியவர்கள் முழுப் பெயின்ட் செலவழிக்கவில்லை. பழைய எழுத்தின்மேல் ஒரு செவ்வகம் பூசி, அதில் புது அடையாள எழுத்தும் எண்ணும் அடித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த அசிரத்தையைச் சிறிய அளவில் கொண்டுவரத்தான் அசாத்திய சிரத்தை வேண்டியிருக்கிறது. முதலில் வெள்ளையை மிக நீர்க்கக் கரைத்து ஏர்பிரஷ்ஷில் பெட்டி முழுவதும் ஊதி வெயிலில் வெளுத்த சாயல் வரவழைக்கிறார். காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பை விரல் நக அளவு செவ்வகமாக வெட்டி ஒட்டி, உள்ளே மட்டும் வெளுக்காத நீலம். ஓரம் துல்லியமாக இருந்தால் பொய்யாகத் தெரியும் என்று டேப்பின் ஒரு முனையைச் சற்றுத் தூக்கிவிடுகிறார். துருவுக்கு எண்ணெய் வண்ணம்; ரிவெட்டின் கீழே ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஓர் இழுப்பு.

பக்கத்தில் ஓர் இளைஞர் டீக்கால் ஒட்டிக்கொண்டிருந்தார். வண்ணக் கோடுகள் அடுக்கிய ஒரு சின்னப் பட்டையை அவர் எடுத்ததும் பெரியவர் குரல் உயர்ந்தது. அது கார்ட்ராக், ஓடும் பெட்டியின் எண்ணைக் கருவி படிக்க ஒட்டிய பட்டை. அழுக்கேறிப் படிக்க முடியாமல் 1977-இல் கைவிட்டார்கள். இளைஞர் கையிலிருந்த பெட்டியோ 1979-இல் கட்டியது. “இதற்கு அது ஏது?” 1977-க்கு முந்தைய பெட்டியில் ஒட்டலாம், கூடவே கறுப்புச் சதுரத்துக்குள் மஞ்சள் வட்டமும் வைக்க வேண்டும். 1978-இல் ஒருவகைச் சக்கரம் உடைந்து விபத்துகள் நேர்ந்தபோது, இந்தப் பெட்டியில் அந்தச் சக்கரம் இல்லை என்று காட்ட இட்ட பொட்டு அது. இவ்வளவு கெடுபிடி வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் ஆணையத்தின் உத்தரவு, விபத்து விசாரணை, திவால் மனு எல்லாம் ஒரே தகரச் சுவரில் தேதி வரிசைப்படி ஒட்டியிருப்பதை வேறெங்கே பார்ப்பது?

கடைசியாக எடை. அங்குலத்துக்கு அரை அவுன்ஸ், அதோடு ஓர் அவுன்ஸ் என்பது அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரை. ஏழு அங்குலப் பெட்டிக்கு நாலரை அவுன்ஸ். தராசில் குறைந்தது, தரையின் உட்புறம் ஈயத் துண்டு ஒன்று ஒட்டினார்.

அசல் பெட்டிகளை இன்னும் பார்க்க முடியுமா என்றேன். முடியும், சீக்கிரம் போங்கள் என்றார். 1974 ஜூலைக்குப் பின் கட்டிய வேகன்களைப் பொதுவாக 50 ஆண்டுவரைதான் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம். 1978-இல் கட்டியவற்றுக்கு 2028-இல் கெடு. வாராவாரம் கேமராவுடன் லெவல் கிராசிங்கில் போய் நிற்கிறாராம், இன்னும் ஒட்டாத எண்களுக்காக.