பாட்டுக்கு அடியில் இருந்த பேச்சு

பிரிக்பீல்ட்ஸ்,
சனிக்கிழமை ராத்திரி

அடியே குண்டூசி,

வாட்சப்பில் இரண்டு வரி தட்டாமல் தாளில் எழுதியிருக்கிறேனே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சமாச்சாரம் பெரிசு, கட்டைவிரலால் தட்டி மாளாது. கூடவே சின்னதாக ஒரு பென்டிரைவும் வைத்திருக்கிறேன். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். நடுவில் கடைசிப் பக்கத்துக்குத் தாவினாயோ, பெர்த்துக்கே வந்து காதைத் திருகுவேன்.

பெரியக்கா மகளுக்குக் கல்யாணம் என்று சொன்னேன் இல்லையா. "வரவேற்புல அம்மா அப்பா கல்யாணத்த நாலு நிமிஷம் ஓட விடணும் சித்தி, நீங்கதான் வீடியோவெல்லாம் செய்வீங்களே" என்று அந்தக் குட்டி வந்து நின்றது. செய்வேனா? 2005-இல் செய்தேன். அந்தப் பெருமையைத்தான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உனக்குத் தெரியாததா!

அக்கா கல்யாணம் 1993. கிள்ளானில். எல்லாம் வி.எச்.எஸ். நாடாவில் எடுத்தது, மூன்று மணி நேரம். அதை டிவிடி ஆக்குகிறேன் பேர்வழி என்று லோ யாட் பிளாசாவில் ஒரு கேப்சர் கார்டும் டிவிடி ரைட்டரும் வாங்கி வந்து, அம்மா வீட்டு ஹாலில் கடை விரித்தேன். நாடாவை ஏற்றுவதற்குக் குறுக்கு வழியே கிடையாது. மூன்று மணி நேரப் படம் என்றால் மூன்று மணி நேரமும் ஓடவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். வீட்டில் யாரும் மிக்சியைப் போடக் கூடாது, கரண்டு போய்த் தொலைந்தால் முதலிலிருந்து.

பிறகு வெட்டி ஒட்டும் வேலை. யூலீட் வீடியோ ஸ்டூடியோ. அதில் ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்குப் போக நூறு விதமான எஃபெக்ட் இருந்தது. நான் நூறையும் போட்டேன். அக்கா தலை இதயமாகச் சுருங்கும், அத்தானின் தலை ரோஜாவிலிருந்து முளைக்கும், தாலி கட்டுகிற இடத்தில் படம் பக்கம் புரட்டும். இப்போது நினைத்தால் கூசுகிறது. அதோடு ஒரு பேராசை, மூன்று மணி நேரத்தையும் ஒரே தட்டில் அடக்க வேண்டும் என்று. சாதாரண டிவிடியில் 4.7 ஜி.பி.தான் கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். அக்காவின் கூறைச் சேலை ஜரிகை முழுக்கச் சதுரம் சதுரமாகி, பாய் பின்னிய மாதிரி ஆகிவிட்டது. "புது டிசைனா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன்.

எரிப்பதற்கு நீரோ. நீரோ பர்னிங் ரோம் என்பது எவ்வளவு பெரிய சிலேடை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ரோமை எரித்ததாகச் சொல்லப்படும் மன்னன், சிடி-ரோம் எரிக்கிற மென்பொருள். ஜெர்மன்காரர்கள் செய்தது அது. அவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? அதன் படத்தில் கொலோசியம் எரிகிற மாதிரி போட்டிருப்பார்கள். நீரோ செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் கொலோசியத்தையே திறந்தார்கள், கி.பி. 80-இல். நம் வரலாற்று டீச்சர் பார்த்திருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார்.

பன்னிரண்டு தட்டு எரித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தீபாவளிக்குக் கொடுத்தேன். அதற்கு முன் ஐந்து வீணாய்ப் போனது. கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும், நான் மறந்துவிட்டேன். என் கணினியில் மட்டும் ஓடும், மற்றவர்கள் வீட்டு பிளேயரில் போட்டால் தட்டே இல்லை என்று சாதிக்கும். அந்த ஐந்தையும் அம்மா வாங்கி, குருவி விரட்ட மிளகாய்ச் செடிக்கு மேலே நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் எரித்த தட்டுகளில் இருபது வருஷம் உழைத்தது அவை மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

ஏன் என்கிறாயா? குட்டி கேட்டாளே என்று என் பிரதியைப் போட்டேன், சுற்றியது, கரகரத்தது, நின்றது. சரி, பன்னிரண்டு கொடுத்திருக்கிறோமே என்று வீடு வீடாகப் போனேன். சின்ன அத்தை காரின் டேஷ்போர்டில் வெயில் காய விட்டிருந்தார்கள். பூச்சோங் சித்தப்பா தட்டின் மேல் கல்யாணப் படத்தை ஒட்டியிருந்தார், ஒட்டு சுருண்டு பிளேயருக்குள் மாட்டிக்கொண்டதாம். ஜொகூர் மாமாவிடம் நான் சுற்றிக் கொடுத்த தாளைக்கூடப் பிரிக்காமல் இருந்தது! நம்மேல் வைத்திருந்த பாசத்தைப் பார்த்துக்கொள். அதையாவது போட்டால் நலுங்கு வரை ஓடிப் படம் உறைந்தது. வீட்டில் எரிக்கிற தட்டு, கடைப் படத் தட்டு மாதிரி அச்சில் அழுத்தியது இல்லையாம். உள்ளே இருப்பது சாயம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சாயம் என்ன ஆகும்? மொட்டைமாடிக் கொடியில் கிடந்த சேலையைக் கேட்டால் சொல்லும்.

"நாடா இருக்கு" என்றார்கள் அம்மா, சாவகாசமாக.

2005-இல் நானே சொன்னேன், இனி இது குப்பை, தூக்கிப் போடுங்கம்மா என்று. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பீரோவில் அந்துருண்டையோடு பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். நாடாவின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாகப் பூசணம். அம்மாவின் பழைய பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. புதிது வாங்கலாம் என்றால் உலகத்திலேயே கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் 2016-இல் நிறுத்திவிட்டது.

அப்போதுதான் நம் வீடியோ அண்ணன் ஞாபகம் வந்தது. உனக்கு நினைவிருக்கும், ஸ்காட் ரோட்டுப் பக்கம் தமிழ்ப்படக் கேசட் வாடகைக்கு விடுவாரே, கல்யாணமும் எடுப்பாரே, அவர்தான். அக்கா கல்யாணத்தை எடுத்ததும் அவரே. கேசட் போய் விசிடி வந்து, அதுவும் போய் இப்போது கைப்பேசி உறை விற்கிறார். தலை முழுக்க நரை. நாடாவைக் கையில் வாங்கினார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பின்பக்கம் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். அப்படியே போட்டால் பூசணம் பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் தொற்றுமாம். இரண்டு நாள் வேலை. காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடி, அம்மா செய்த முறுக்கு ஒரு டின் கொடுத்துச் சமாளித்தேன்.

பரணிலிருந்து தன் டெக்கை இறக்கி ஓடவிட்டார். முதலில் மாப்பிள்ளை அழைப்பு, இதே துன் சம்பந்தன் ரோடு. அடையாளமே தெரியவில்லைடி. தலைக்கு மேலே மோனோரயில் தூண் இல்லை, அது 2003-இல்தான் வந்தது. சென்ட்ரல் இல்லை, தோரண வாசல் இல்லை. அத்தான் அந்த ரயில்வே நூறு குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலிலிருந்து காரில் ஏறுகிறார். இப்போது அங்கே வீடும் இல்லை, வாசலும் இல்லை.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காதில் ஏதோ இடிக்கிறது. என்னவென்று பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. பாட்டு இல்லை! நமக்கு மனப்பாடமான வீடியோ அது, முதலிலிருந்து கடைசிவரை இளையராஜா பாட்டுதானே ஓடும்? வாயெல்லாம் அசையும், சத்தம் வராது. இப்போது கார்க் கதவு அறைகிறது, யாரோ "டேய், குடைய எடுத்தியா?" என்கிறார்கள். அத்தானின் அம்மா குரல். அவர் போய்ப் பதினாறு வருஷமாச்சு.

அண்ணன் சிரித்தார். "நம்ம டெக்கு ஹை-ஃபைம்மா. ஒங்க வீட்டுல இருந்தது மோனோ" என்று விளக்கினார். நான் என் பாஷையில் சொல்கிறேன். நாடாவைச் சேலை என்று வைத்துக்கொள். சாதாரணச் சத்தம் கரையில் ஓடுகிறது. ஹை-ஃபை சத்தம் உடலுக்குள், படத்தோடு சேர்த்து நெய்தது. அவர் படத்தையும் கல்யாண வீட்டுச் சத்தத்தையும் சேர்த்து நெய்துவிட்டு, பிறகு கரையை மட்டும் பிரித்துப் பாட்டுக் கரை வைத்துத் தைத்திருக்கிறார். உடலைத் தொடவில்லை, தொட்டால் படமும் அழிந்துவிடும். எங்கள் மோனோ பிளேயருக்குக் கரை மட்டும்தான் தெரியும். அதிலிருந்து நான் ஏற்றிய பன்னிரண்டு தட்டிலும் கரை மட்டும். முப்பத்திரண்டு வருஷமாக ஊர்ப் பேச்சு முழுவதும் பாட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

பேச்சு என்றால் என்ன பேச்சு! அண்ணன் கேமராவோடு பெண்கள் கூட்டத்துக்குள்ளேயே நின்றிருக்கிறார், மைக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவிட்டது. தாலி கட்டப் போகிற நேரம், பெரியம்மா: "கூறச் சேலய பாத்தியா? காஞ்சிபுரமாம். மஸ்ஜிட் இந்தியாவுல எடுத்ததாட்டம் இருக்கு." சாம்பாரில் உப்பில்லை என்று நாலு பேர் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். இன்னொரு அத்தை, பெயர் வேண்டாம், நீயே கண்டுபிடிப்பாய், என்னைக் காட்டிச் சொல்கிறார்: "மூத்தவள தள்ளியாச்சு. சின்னவ கறுப்புக்கு எவன் வரப்போறான்?" வந்தார் அத்தை. வந்து இருபத்து நாலு வருஷமாகிறது, இதோ பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார்.

கோபம் வந்ததா என்றால் வந்தது. மறுநாள் போய்விட்டது. அந்த அத்தைக்கு இப்போது காது கேட்கவில்லை, நான் போட்டுக் காட்டினாலும் கேட்காது.

குட்டியின் நாலு நிமிஷத்தை முடித்துவிட்டேன். இப்போது மென்பொருளெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்று ஒன்று, சினிமாக்காரர்களே வைத்திருப்பதாம், எனக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பழைய நாடாவை லேப்டாப்பில் அப்படியே ஓட்டினால், தாலி முடிச்சுப் போடும் கை அசையும்போதெல்லாம் விரல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும், அதை நீக்கினேன். அகலத் திரைக்கு இழுக்கவும் இல்லை. இழுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள், பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டார்கள். இதயமும் இல்லை, ரோஜாவும் இல்லை. ஆனால் பாட்டைப் போட்டுவிட்டேன். முன்வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்று யோசித்துப் பார். பாட்டி அக்காவிடம் "தலய குனி தாயி" என்று சொல்கிற ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூன்று விநாடி பாட்டைத் தணித்து அந்தக் குரலை விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்குத் தட்டுதான் வேண்டுமாம். பென்டிரைவைக் காட்டினால் "இது என்ன, மாத்திரையா?" என்கிறார்கள். இப்போதைய லேப்டாப்பில் தட்டுப் போடும் வாயே இல்லை, வெளியே செருகுகிற ரைட்டர் ஒன்று வாங்கினேன். வெற்றுத் தட்டு தேட மூன்று கடை. இந்த 2025 பிப்ரவரியோடு சோனி எழுதும் ப்ளூரே தட்டையும் மினிடிவி நாடாவையும் நிறுத்திவிட்டது, இனி எல்லாம் இப்படித்தான் போகும். மெதுவாக எரித்து, மறக்காமல் ஃபைனலைஸ் செய்து கொடுத்தேன். அந்துருண்டையோடு பீரோவுக்குள் போய்விட்டது.

சரி, உன் பங்கு.

பென்டிரைவில் முழு மூன்று மணி நேரமும் இருக்கிறது, பாட்டு இல்லாமல். நாற்பத்தோராவது நிமிஷத்துக்குப் போ. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாதபோது. மேளக்காரர்களுக்குப் பின்னால் நாம் இருவரும் நிற்கிறோம், உனக்குப் பச்சைத் தாவணி, எனக்கு அந்த அசிங்கமான மஞ்சள். நீ சொல்கிறாய்: "தாளம் போடுறானே, அவன் பேரு என்னன்னு கேட்டு வாடி." நான்: "ஒங்கப்பா பின்னாடியே நிக்கிறாருடி." நீ: "அவருக்கு எங்க கேக்கப் போவுது."

கேட்டிருக்கிறதுடி. படத்திலேயே தெரிகிறது. நம் தலைகளுக்கு நடுவில் அவர் முகம், மீசைக்குள் ஒரு சிரிப்பு. மேளம் நிற்கிற ஒரு கணத்தில் குனிந்து, "ரெண்டு பேரும் மொதல்ல போய்ச் சாப்பிடுங்க. பேரு அப்பறம் விசாரிக்கலாம்" என்கிறார். அவ்வளவுதான், அப்புறம் கெட்டி மேளம். அவர் குரல் பதிந்த எதுவும் உன்னிடம் இல்லை என்று காரியத்தன்று அழுதாயே, அதனால்தான் தாளில் எழுதினேன்.

நான் ஆறு தடவை கேட்டுவிட்டேன். அம்மாவையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "அவரு அப்படித்தான் பேசுவாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

பார்த்துவிட்டு எழுது. எழுத முடியாவிட்டால் போன் பண்ணு, எந்த நேரமானாலும். அந்தத் தாளப் பையன் பெயர் வீடியோ அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது தாத்தாவாகிவிட்டாராம். பெயர் வேண்டுமென்றால் நீதான் கேட்க வேண்டும்.

உன்
கறுப்பி