தட்டுமுட்டுச் சாமான்களைத் தேடி

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரும், ஜார்க்கண்ட் மாநிலத்து இளம் தம்பதியரும், நானுமாக நால்வர் எண்ணூரிலிருந்து பிராட்வே செல்லும் பேருந்தில் ஏறினோம். இரண்டு குண்டான், ஒரு வாணலி, ஒரு குடம், ஒரு ஜமுக்காளம், ஒரு கைவிளக்கு ஆகியவற்றை மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கி வருவதே பயணத்தின் நோக்கம். பங்குக் குருவுக்கு இது என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். காரணத்தைச் சொல்கிறேன்.

கடற்கரைக் குப்பங்களில் வாழும் மீனவ மக்களை விட்டால், திருவொற்றியூரும் எண்ணூரும் பிழைப்புத் தேடி வந்தவர்களால் நிறைந்த ஊர்களே. அசோக் லேலண்டும் என்பீல்டும் இங்கு வேரூன்றிய 1950-களில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்ட பின் வருகிறவர்களுள் வடக்கத்திய இளைஞர்கள் ஏராளம். ஜார்க்கண்டிலிருந்து வருவோரில் கத்தோலிக்கப் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சொல்லாமல் போய்விடுவார்கள். ஒரே இந்தியாதான்; ஆயினும் மொழி அறியாத அவர்களுக்கு இது அயல்நாடு.

இந்த இளைஞன் சரக்குப் பெட்டக வளாகம் ஒன்றில் ஒப்பந்தக் கூலி. எட்டுப் பேருடன் ஓர் அறையில் கிடந்தவன், மணமுடித்து மனைவியை அழைத்து வந்தான். தனி அறை கிடைத்தது. அடுப்பு ஒன்றைத் தவணைக்கு வாங்கினான். ஏறக்குறைய இருமடங்கு விலை கொடுத்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடனே பீடத்தில் அறிவிப்புச் செய்தேன். நம் மக்கள் தாராள மனத்தினர். ஒரே வாரத்தில் பழைய பாத்திரங்கள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தன. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், நல்லதொரு செயல் செய்த திருப்தியுடன். ஒரு மாதம் கழித்து வீடு மந்திரிக்கச் சென்றபோது, அந்தச் சாக்கு மூலையில் துணி போர்த்தி அப்படியே இருந்தது. அந்தப் பெண் இரவல் வாங்கிய ஒரே அலுமினியப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் மாறி மாறி ஆக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

அப்பொழுதுதான் மூதாட்டி சொன்னார்: “சாமி, அந்தப் பெண்ணை நான் கடைக்கு அழைத்துப் போகிறேன். நீங்கள் துணைக்கு வந்தால் போதும்.”

அவர் ரங்கூனில் பிறந்தவர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அங்கே கடைத்தெரு மொழி இந்துஸ்தானி. பதின்மூன்று வயதில் விட்டு வந்த அந்த மொழி எழுபதைக் கடந்தும் அவர் நாவில் இருக்கிறது. தமிழ் நன்கறிந்த என்னால் பேச முடியாத அந்தப் பெண்ணிடம், அவர் பேருந்து முழுவதும் பேசிக்கொண்டே வந்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இறங்கினோம். எம்.சி. ரோட்டில் துணி மலிவு என்பதை வடசென்னையில் குழந்தையும் அறியும். மூதாட்டி முதல் மூன்று கடைகளில் விலை மட்டும் கேட்டார், நான்காவதில் வாங்கினார். “சாமி, சற்றுத் தள்ளி நில்லுங்கள். அங்கியைப் பார்த்தால் விலையை ஏற்றிவிடுவான்” என்று எனக்கு உத்தரவு வேறு. தள்ளி நின்ற எனக்கு உரோமை நினைவு வந்தது. 2003-இல் அங்கே படிக்கச் சென்றபோது, கார்த்திகைக் குளிரில் நடுங்கிய என்னைக் கேரளக் குரு ஒருவர் போர்த்தா போர்த்தேசே ஞாயிற்றுச் சந்தைக்கு அழைத்துப் போனார். மூட்டை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கும் என்ற சூத்திரத்தை அவரே கற்பித்தார். பதினைந்து யூரோவுக்குக் கிடைத்த அந்தப் பழைய மேலங்கி, யாரேனும் தானமாகக் கொடுத்திருந்தால் எனக்கு அவ்வளவு கதகதப்பாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்துச் சௌகார்பேட்டை. பாத்திரக் கடையில் விலை எடைக்கு. மெல்லிய தகட்டுக் குண்டான் மலிவு. ஆனால் அடி பிடிக்கும். மூதாட்டி விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கைப்பிடி தறையப்பட்டதா, வெறுமனே பற்றவைக்கப்பட்டதா என்று திருப்பிப் பார்த்தார். மூடியைத் தனியே நிறுக்கச் சொன்னார். தேர்ந்தெடுத்தவள் மட்டும் அந்தப் பெண்தான். கனமான குண்டானை இரண்டு முறை கீழே வைத்தாள், மூன்றாம் முறை எடுத்துக்கொண்டாள். வாணலியின் அளவு அதனால் குறைந்தது; கணவன் ஏதோ முணுமுணுத்தான், அவள் கேட்கவில்லை.

“பெயர் வெட்டணுமா?” என்றார் கடைக்காரர். மூதாட்டி மொழிபெயர்த்தார். அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாள். இயந்திர ஊசி கிறீச்சிட, மூன்று தமிழ் எழுத்துகள் குண்டானின் கழுத்தில் விழுந்தன. அவளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கைவிளக்குக்காகப் பர்மா பஜாருக்கு நடந்தோம். 1962 மார்ச்சில் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாதவையாயின. இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினர். சென்னையில் இறங்கியவர்களை வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்த்தினார்கள். நடைபாதையில் கைக்குக் கிடைத்ததை விற்றுப் பிழைத்தவர்களுக்கு 1969-இல் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே கடைகள் அமைந்தன. சுங்க இல்லம் அமைந்திருக்கும் அதே சாலையில், அயல்நாட்டுக் குடையும் வானொலியும் வாசனைத் தைலமும் மலிவாகக் கிடைத்த காலம் அது. 1991-க்குப் பின் இறக்குமதி தளர்ந்ததும் அந்த மவுசு குறைந்தது. இப்பொழுது கைபேசிச் சாமான்களே மிகுதி.

விளக்கை வாங்கியபின் அத்தோ சாப்பிட்டோம். மூதாட்டி சாலையின் ஓரிடத்தைக் காட்டினார். “இங்கேதான் சாமி, அம்மா எங்கள் டிபன் கேரியரை விற்றார்கள். அப்பா பெயர் வெட்டியிருந்தது. பெயர் இருப்பதால் விலையைக் குறை என்று அந்த மனிதர் கேட்டார். அம்மா குறைத்தார்கள்.” அத்தோ விற்ற பையனிடம் எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழியச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

திரும்பும் பேருந்தில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. குண்டான் அவள் மடியில். எந்த எழுத்து எந்த ஒலி என்று மூதாட்டி சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் கொடுத்ததில் எல்லாம் ஊரார் பெயர் இருந்தது சாமி” என்றார், கோபமின்றி.

செலவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. பேருந்துக் கட்டணத்தை என்னைக் கொடுக்க விடவில்லை அந்த இளைஞன்.

மறு ஞாயிறு அந்தச் சாக்கு குருமனைக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பாத்திரமும் புளி போட்டுத் துலக்கப்பட்டிருந்தது. திருவிழா அன்னதானத்துக்குப் பயன்படும் என்று உபதேசியார் அவற்றை அலமாரியில் அடுக்கிவைத்திருக்கிறார்.