சட்டத்துக்கு முன்பே செத்த ஆமை

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் பழம்பொருள் கடை நடத்திய தமிழ் முதியவர் ஒருவருக்காக நான் வாதாடிய வழக்கு இது. தேன்நிறத்தில் கரும்பழுப்புத் திட்டுகள் ஓடிய நகைப்பெட்டி ஒன்றையும் ஒரு சீப்பையும் விற்பனைக்கு வைத்திருந்தார் என்று வனத்துறையினர் பறிமுதல் செய்திருந்தார்கள்.

"தாத்தா காலத்துப் பொருள், வக்கீல் சார். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே செத்த ஆமை. இதுல நான் செஞ்ச குத்தம் என்ன?" என்றார்.

அவர் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. முசிறி துறைமுகமாக இருந்த காலத்திலேயே ஆமை ஓடு இந்தக் கரையிலிருந்து மேற்கே கப்பலேறியதைப் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. கடலாமைகளில் பேராமையைக் கறிக்காகப் பிடித்தார்கள். அழுங்காமையின் கறி சில நேரம் உயிரையே பறிக்கும் நஞ்சு. அந்த ஆமையை முதுகிலுள்ள 13 பெரிய தகடுகளுக்காகவே வேட்டையாடினார்கள். சூட்டில் இளகும் அந்தத் தகடு சீப்பாகும், கண்ணாடிச் சட்டமாகும், பெட்டியாகும்.

பொருள் ஆமை ஓடுதான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்றேன். ஆய்வறிக்கை வந்தது: சீப்பு செல்லுலாயிட், பெட்டி அழுங்காமை ஓடு.

மிஞ்சியது பழமை என்ற வாதம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்காமை இருக்கிறது. 1986இல் சேர்த்த 5ஏ அத்தியாயம் அட்டவணை விலங்குப் பொருள்களின் வணிகத்தையே தடுக்கிறது. கையிருப்பை அறிவிக்க 2003 விதிகள் 180 நாள் அவகாசம் தந்தன, கட்சிக்காரர் அறிவிக்கவில்லை. அறிவித்து உரிமைச் சான்று பெற்றிருந்தாலும் விற்க முடியாது. வைத்திருந்தது சட்டப்படிதான் என்று காட்டும் பொறுப்பும் 57ஆம் பிரிவின்படி அவருடையதே.

எழுபதைக் கடந்தவர், நன்னடத்தையில் விடுங்கள் என்று மன்றாடினேன். 5ஏ குற்றத்தில் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. அப்போதைய சட்டம் சொன்ன குறைந்தபட்சத் தண்டனையை மாஜிஸ்திரேட் விதித்தார்: 3 ஆண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம். பெட்டி அரசுடைமையானது.

கட்சிக்காரருக்காக வருந்தினேன். ஆனாலும் சட்டத்தின் கடுமை சரியென்றே நம்புகிறேன். பழைய ஓட்டையும் நேற்றுக் கொன்ற ஆமையின் ஓட்டையும் கடை அலமாரியில் யாரால் பிரித்தறிய முடியும்? பழையதற்கு விலை இருக்கும்வரை புதியதற்கும் விலை இருக்கும். போர்ட் கொச்சிக்கு வரும் பயணிகளே, ஆமையோட்டுப் பொருள் எவ்வளவு பழையதென்று சொன்னாலும் வாங்காதீர்கள்.