கை எங்கே நிற்கிறது?

ஆசிரியர் பயிற்சியில் கற்றல் குறைபாடு பற்றி ஒரு பாடம் இருந்தது, தேர்வும் எழுதினேன். ஆனால் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் இருக்கும்போது, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வட்டார வள மையத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர். அவரை அக்கா என்றுதான் அழைப்பேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், எதையும் விடாமல் திருப்பிச் சொல்வான். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்துப் போவான். 'கொக்கு' என்று சொல்லி எழுதச் சொன்னால் கொம்பு இருக்காது. கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினேன். திரும்பத் திரும்ப எழுதவைத்தேன். "நல்லாப் பாரு" என்று குரலை உயர்த்தினேன். மறுநாளும் கொம்பு இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்த அக்கா, பிள்ளைகள் வெளியே போன பிறகு சொன்னார்: "அவன் பார்த்துக்கிட்டுதான் இருக்கான் டீச்சர். நீங்கதான் நோட்டையே பார்க்குறீங்க. கையைப் பாருங்க, எங்க நிக்குதுன்னு பாருங்க."

அது எளிதில் வரவில்லை. என் கண் எழுதி முடித்த எழுத்துக்கே ஓடியது. சிவப்புப் பேனா கையில் இருந்தால் திருத்தத்தான் தோன்றும் என்று அக்கா அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். பல நாள் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. 'கொ' என்றதும் அவன் காதில் முதலில் விழுவது ககரம், அதை எழுதிவிடுகிறான். பிறகு கை இடப்பக்கம் திரும்பித் தயங்கி நிற்கிறது. கொம்பு போட அங்கே இடமில்லை. காதில் பின்னால் விழும் ஒலிக்குத் தாளில் முன்னால் குறி போட வேண்டும். கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாமே இப்படித்தான். உகரமோ இன்னும் கடினம்: கு, சு, து மூன்றிலும் ஒரே உயிர், வடிவம் மூன்று விதம். 247 எழுத்துகள் என்று பெருமையாகச் சொல்லும் நான், ஒரு பிள்ளையின் விரலுக்கு அது எவ்வளவு வேலை என்று யோசித்ததே இல்லை.

அடுத்து, உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள். சொல்லை உச்சரித்துக்கொண்டே விரலால் தடவிப் படிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் கிரேஸ் ஃபெர்னால்டு 1943-இல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார். பயிற்சிகளில் இதைப் பல்புலன் முறை என்பார்கள். நான் பையனின் மணிக்கட்டைப் பிடித்து எழுத்தின்மேல் இழுத்தேன்; அவன் விரல் என்னோடு வந்ததே தவிர, எதையும் தேடவில்லை. அக்கா என்னைக் கண்மூடி உட்காரச் சொல்லி, என் மணிக்கட்டை அதேபோல் பிடித்து இழுத்தார். என்ன எழுத்து என்றே தெரியவில்லை. பிறகு முழங்கையை மட்டும் லேசாகத் தொட்டார். விரல்நுனியில் சொரசொரப்பு பட்டது, கொம்பின் சுழி தெரிந்தது. உதவியைப் படிப்படியாக விலக்குவது என்று படித்திருந்ததை அன்றைக்குத்தான் என் கை அறிந்தது.

இதையெல்லாம் அவனை ஒரு மூலைக்கு அழைத்துப்போய்ச் செய்துகொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் அட்டையைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொள்வான். "தனியா உட்காரவெச்சா அது வேற வகுப்பு டீச்சர்" என்றார் அக்கா. உப்புத்தாள் எழுத்துகள் எல்லா மேசைகளுக்கும் போயின. சூழ்நிலையியல் விடைகளை யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லலாம் என்றாக்கினேன். மறுநாள் எந்தப் பத்தியை வாசிக்கச் சொல்வேன் என்று முந்தைய நாளே அவனிடம் சொல்லிவிடுவேன். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்வது இப்படிப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே இன்று நினைக்கிறேன்.

குறிப்பு எழுதவும் அக்காவிடம்தான் பழகினேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக இடம்பெற்றது. பிற்காலத்தில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ தேவைப்பட்டால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். மதிப்பிடுபவருக்கு வகுப்பாசிரியரின் குறிப்பு உதவும். 'வாசிக்கத் தெரியவில்லை' என்று நான் எழுதியிருந்ததை அக்கா அடித்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார்.

பையன் இப்போது கொம்பை முதலில் போடுகிறான், இடம் விட்டு. ரகர றகரம் இன்னும் மாறுகிறது. 'து', 'நு' வரும்போது சுழிக்குப் பிறகு கை நிற்கிறது. அதைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அக்கா வரும்போது அங்கிருந்து தொடங்குவோம்.