கடைசி லாட் துரை

எங்கள் பக்கத்தில் கவர்னர்களைத் தண்ணீரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். 1934இல் மேட்டூர் அணை திறந்தபோது கவர்னராக இருந்த ஸ்டான்லி துரையின் பெயர் நீர்த்தேக்கத்துக்கே நிலைத்துவிட்டது. அந்தத் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்றும் 'புது ஆறு'தான்.

சர் ஆர்ச்சிபால்ட் நை பெயரில் நான் பார்த்த வரையில் ஒரு மதகுகூடக் கிடையாது. தாத்தா மட்டும் 'நை துரை' என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பட்டாமணியம், அதாவது கிராம அதிகாரி. 1946 மே மாதம் நை கவர்னராகச் சென்னைக்கு வந்தபோது அரிசிக்கு ரேஷன். ஊர் ஊராக நெல்லைக் கணக்கெடுத்துக் கொள்முதலுக்கு அனுப்புவது பட்டாமணியார்கள் தலையில் விழுந்தது. எத்தனை கலம் வைக்கோல் போருக்கு அடியில் பதுங்கியது என்பதைத் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். யாருடைய போர் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

நையின் கதையை நான் பிற்பாடுதான் படித்தேன். டப்ளினில் பிறந்த பட்டாளத்துப் பிள்ளை. முதல் உலகப் போரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, அடுத்த போரில் பிரிட்டிஷ் தரைப்படைத் தலைவருக்கு அடுத்த நாற்காலிவரை போனவர். 1943இல் ஸ்பெயின் கரையோரம் பிரிட்டிஷார் ஒரு பிணத்தை மிதக்கவிட்டார்களே, அதோடு இருந்த கைப்பெட்டியில் கிடைத்த கடிதம் இவர் எழுதியது. நேச நாட்டுப் படை கிரீஸில் இறங்கப்போகிறது என்று அதை நம்பி ஹிட்லர் ஏமாந்தார். படை இறங்கியது சிசிலியில். அப்பேர்ப்பட்டவர் ஆட்சியிலேயே வைக்கோல் போர் தப்பித்திருக்கிறது.

1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய செங்கோல் டெல்லியில் நேருவின் கைக்குப் போனது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரமும் கூடப் போனது. விடிந்தால் சென்னையில் அதே நை துரை! சுதந்திர இந்தியா பம்பாயிலும் சென்னையிலும் வெள்ளைக்கார கவர்னர்களையே தொடரச் சொல்லியிருந்தது. பம்பாய்க்காரர் 1948 தொடக்கத்தில் கிளம்பிவிட்டார். நை செப்டம்பர்வரை இருந்தார். வெள்ளைக்காரன் போயாச்சா இல்லையா என்று ஊரில் கேட்டவர்களுக்குத் தாத்தாவால் பதில் சொல்ல முடியவில்லையாம்.

தாத்தா சொல்லாத ஒன்றும் உண்டு. பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுவதும் கூடாது என்று மிராசுதார்கள் 1944இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், அதற்குப் போராடிய களப்பாள் குப்பு 1948இல், சுதந்திரத்துக்குப் பிறகு, சிறையிலேயே இறந்ததும், எங்கள் திண்ணையில் ஏற அனுமதி இல்லாதவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கவர்னர் நையா, முதலமைச்சர் ஓமந்தூராரா என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிய வித்தியாசமாகவே இருந்திருக்கவில்லை.

நைக்குப் பிறகு பாவ்நகர் மகாராஜா வந்தார். நை இந்தியாவைவிட்டே போகவில்லை. டெல்லியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக உட்கார்ந்தார், 1952இல் கனடாவுக்கு மாற்றலானார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. கணக்குக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு வந்த தாத்தா, "துரைக்காவது டெல்லியில வேற வேலை குடுத்தாங்க" என்றார்.