வாளித் தக்காளியும் உம்மாவும்



போன கிழமை நாங்கள் போட்ட தக்காளிப் படத்தைப் பார்த்துவிட்டு, "அறைக்குள்ள எப்படிக் காய்ச்சது?" என்று பலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். விபரம் இதுதான். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

காத்தான்குடியில் நம் வீடுகள் மதிலோடு மதிலாக ஒட்டிக் கிடப்பவை. செடி நட ஒரு முழ நிலம் மிச்சமில்லை. மொட்டை மாடியில் வைத்தால் மே மாத வெக்கையில் பூ உதிர்கிறது, டிசம்பர் மழையில் வேர் அழுகுகிறது. அதனால் ஒக்டோபரில் மேல்மாடி அறையில், கிழக்கு யன்னலோரமாக, மூன்று பழைய பெயிண்ட் வாளிகளில் கன்று நட்டோம். அடியில் துளைகள், கீழே தட்டு. உள்ளே கழுவிய தும்புத்தூள், கூட்டுப் பசளை, மண். செடிக்கு மேலே ஒரு அடிக்குள் 18 வாட்ஸ் எல்ஈடி டியூப் இரண்டு. காலை 5 மணிக்குப் போட்டு இரவு 7 மணிக்கு அணைப்போம். மாதம் 15 யூனிட் போகும். இரவிலும் எரியவிட்டால் இன்னும் வளரும் என்று நினைக்காதீர்கள். தக்காளிக்கு இருட்டும் வேண்டும். விடாமல் வெளிச்சம் பட்டால் இலை மஞ்சளாகிவிடும்.

அது உம்மாவின் அறை. வாப்பா மௌத்தாகி, பிறகு உம்மா குளியலறையில் ஒரு முறை விழுந்தும் எழும்பிய நாளிலிருந்து, நாங்கள் இருவரும் அவரை எந்த வேலைக்கும் விடுவதில்லை. "அடுப்படிக்கு வராதீங்க உம்மா. தேங்காய் துருவாதீங்க. சும்மா இருங்க." காலையில் இருவரும் பாடசாலைக்குப் போய்விட்டால் உம்மாவுக்குத் துணை அந்த மூன்று வாளிகள்தான்.

மூன்றாம் கிழமை செடிகள் தலை தொங்கின. "தாகத்தில கிடக்கு" என்று உம்மா மக்கால் ஊற்றினார். அடுத்த நாள் இன்னும் தொங்கின, இன்னும் ஊற்றினார். ஒன்று செத்தே போனது. பாடசாலைக் களைப்பில் வந்த நாங்கள், "இனித் தொடாதீங்க உம்மா" என்று சற்றுக் கடுமையாகச் சொல்லி மக்கையும் எடுத்து வைத்தோம்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் கேட்டபோது, "தட்டில தண்ணி நிக்குதா? வாளியைத் தூக்கிப் பாத்தீங்களா?" என்றார். தட்டு நிறையத் தண்ணீர். வாளி கல்லுப் போலக் கனத்தது. வேருக்கும் காற்று வேண்டும். நீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து, தண்ணீர் இழுக்க முடியாமல் போய்விடும். அப்போது செடி தாகத்தில் வாடுவது போலவே வாடும். பார்க்கிறவர் மேலும் ஊற்றுவார். வெயிலும் காற்றும் இல்லாத அறைக்குள் ஈரம் காய நாள் பிடிக்கும் என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

அன்றிரவு உம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "இந்த வீட்டில எனக்கு வேலையொண்டும் இல்லையே மகள்" என்றார். எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. குறையில்லாமல் பார்க்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

மறுநாள் மக்கைத் திருப்பிக் கொடுத்தோம். முறையையும் சொன்னோம். விரலின் இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித் துளையால் வடியும் வரை மெதுவாக ஊற்றி, தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உம்மா ஒரு கிழமையில் எங்களை விடத் தேறிவிட்டார். வாளியைச் சற்றுச் சரித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பசளை ஞாயிறில் மட்டும். கடையில் வாங்கும் அல்பேர்ட் கலவையைப் பைக்கற்றில் உள்ள அளவில் பாதியாகக் கரைப்போம். காய்ந்த மண்ணில் பசளை நீர் ஊற்றினால் வேர் கருகும், முதலில் வெறும் தண்ணீர். மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்தால் உப்புச் சேர்ந்துவிட்டது. அந்தக் கிழமை பசளையை விட்டு வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், பூ வராது. அறைக்குள் காற்றில்லாததால், பூத்ததும் உம்மா தினமும் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுவார். மகரந்தம் உதிர அது போதும்.

இடையில் உம்மா ராத்தா வீட்டில் பத்து நாள் நின்றார். நாங்கள் நாலு நாள் மறந்து, ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினோம். சில காய்களின் அடி கறுத்தது. அது நோயல்ல. நீர் ஏறி இறங்கினால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராது. முட்டைக்கோது போடச் சொன்னார்கள், அது மக்கிச் சேர மாதக்கணக்காகும். உம்மா திரும்பி வந்து ஒழுங்காகத் தண்ணீர் விட்டதும் அடுத்த காய்கள் சுத்தமாக வந்தன.

இரண்டு வாளியில் இதுவரை 23 பழங்கள். கரண்ட், பசளை, டியூப் எல்லாம் பார்த்தால் சந்தையில் வாங்குவதே மலிவு, மறைக்கவில்லை. ஆனால் முதல் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு உம்மா கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியிறங்கி அடுப்படிக்கு வந்தார். நாங்கள் தடுக்கவில்லை. அன்று மீன் ஆணம் அவர் கையால்தான்.

கேள்விகள் இருந்தால் கொமெண்டில் போடுங்கள். உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறோம்.