புறக்கோட்டையை அண்ணாந்து பார்த்த நாள்



இந்த லீவுக்கு நாங்க ரெண்டு டீச்சர்மாரும் கொழும்புக்குப் போய் வந்தோம். பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிகுடியில் இரவு பஸ் ஏறினோம். விடியப் புறக்கோட்டை.

கடைசியாக 2018 இல் விளையாட்டுப் போட்டிக்குத் துணி வாங்க வந்தோம். அன்று குனிந்த தலை நிமிரவில்லை. விலை, பில், பை, பஸ். இந்தமுறை ஒன்றும் வாங்குவதில்லை, பார்ப்பது மட்டும் என்று முடிவெடுத்திருந்தோம்.

கடை திறக்க முன்னம் போனால்தான் கட்டடம் தெரியும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளி, சிவப்பும் வெள்ளையுமாய். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908 இல் தொடங்கி அடுத்த வருடம் கட்டி முடித்தது. கும்மட்டங்கள் மாதுளம்பழம் மாதிரி. நாட்டாமிமாரின் வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தோம்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால வீடு ஒன்று உயரமான தூண்களோடு நிற்கிறது. 1982 இலிருந்து நூதனசாலை. ஒல்லாந்தர் காலத்தில் அங்கே ஆசிரியர் பயிற்சியும் நடந்திருக்கிறது. "அப்ப இதுவும் நம்மட கொலேஜ்தான்" என்று சிரித்தோம். அப்பால் கேமன்ஸ் கேட் மணிக்கூண்டு. 'கேமன்' என்றால் ஒல்லாந்தர் மொழியில் முதலை. வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். ஒருத்தி உள்ளே போய்க் கும்பிட்டு வர, மற்றவ வெளியில் செருப்புக்குக் காவல். அப்படியே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்.

அங்கே கால் தயங்கியது. 2019 ஏப்ரல் 21. அன்று இங்கேயும் குண்டு, எங்கட மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு. அதற்குப் பிறகு பாடசாலை திறந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. அப்போ நாங்க வேறொரு பாடசாலையில். வாசலில் எல்லார் பேக்கையும் பார்த்தார்கள். எங்களில் ஒருத்தியின் பேக்கை மட்டும் ரெண்டு தரம் கிளறினார்கள். முஸ்லிம் டீச்சர் ஆச்சே. பின்னால் நின்ற மற்றவ ஒன்றும் பேசவில்லை. தன்ட பேக்கைத் திறந்து சோத்துப் பெட்டி, குடை, சோக்குக் கட்டி எல்லாத்தையும் மேசையில் கொட்டினா. "என்டதையும் ரெண்டு தரம் பாருங்க" என்றா.

இத்தனை வருசத்தில் அதைப் பற்றி நாங்க ஒரு நாளும் கதைத்ததில்லை.

கோயில் வாசலிலும் பேக் பார்த்தார்கள். ரெண்டு பேக்கையும் ஒரே மாதிரி ஒரு தரம். "போங்க மிஸ்" என்றார் காவல்காரர். உள்ளே போய்க் கடைசி வாங்கில் பேசாமல் இருந்தோம். சனங்கள் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாகக்கொடுத்தவர்களுக்காக ஒருத்தி துஆக் கேட்டா, மற்றவ கைகூப்பினா.

வெளியே வந்து பிளேன்டீ குடிக்கும்போதுதான் "அண்டைக்குச் சொல்லல்ல, ஜஸாக்கல்லாஹ்" என்று சொல்ல முடிந்தது. "போடி, தேத்தண்ணி ஆறுது" என்பதுதான் பதில்.

அடுத்த தவணை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இதே வழியால் நடக்க ஆசை, இன்ஷா அல்லாஹ். கடைக்காக இல்லாமல் புறக்கோட்டையைப் பார்த்தவர்கள் இருந்தால், நாங்க தவறவிட்ட இடங்களைச் சொல்லுங்கள்.